யூரோவிஷன்: ஒரு பாட்டுப் போட்டிக்கு ஏன் இவ்வளவு சண்டை? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆண்டுதோறும் மே மாதத்தில் ஒரு சனிக்கிழமை நள்ளிரவு பன்னிரண்டரைக்கு யூடியூபைத் திறந்து வைத்துக்கொண்டு உட்காருவேன். வெற்றியாளர் யார் என்று தெரியும்போது எங்கள் தெருவில் பால் பாக்கெட் வண்டி வந்திருக்கும். முன்பெல்லாம் வீட்டில் கேட்ட ஒரே கேள்வி, "இன்னும் தூங்கலையா?" என்பதுதான். 2024க்குப் பிறகு, காஸா போர் நடக்கும்போது இஸ்ரேல் பாடலாமா என்ற சண்டையால் நிலைமை மாறிவிட்டது. யூரோவிஷன் என்ற பெயரையே கேள்விப்படாத நண்பர்கள்கூடச் செய்தியைப் பார்த்துவிட்டு, யார் விலகினார்கள், யார் தடை செய்தார்கள் என்று கேட்கிறார்கள். ஒரே பதிலைப் பத்துப் பேருக்குத் தட்டச்சு செய்து அலுத்துப்போய், எல்லாவற்றையும் இங்கே சேர்த்திருக்கிறேன். கேள்விகள் வந்தபடியே இருக்கின்றன.

யூரோவிஷன்னா என்ன? நம்ம டிவி பாட்டுப் போட்டி மாதிரியா?

அந்த மாதிரி இல்லை, இது ஐரோப்பிய நாடுகளுக்கு இடையிலான பாட்டுப் போட்டி. நம் டிவி போட்டிகளில் ஒருவர் வாராவாரம் பழைய பாட்டுகளைப் பாடி முன்னேறுவார். இங்கே ஒரு நாட்டுக்கு ஒரே ஒரு புதுப் பாட்டு, அதிகபட்சம் மூன்று நிமிடம். இரண்டு அரையிறுதி, ஒரு இறுதி, எல்லாம் ஒரே வாரத்தில் முடிந்துவிடும். ஜெயித்த நாடு வழக்கமாக அடுத்த ஆண்டு போட்டியை நடத்தும்.

1956இல் சுவிட்சர்லாந்தின் லுகானோ நகரில் ஏழு நாடுகளோடு தொடங்கியது. உலகப் போர் முடிந்து பதினோரு ஆண்டுதான் ஆகியிருந்தது. போரில் எதிரெதிராக நின்ற நாடுகள் ஒரே நேரத்தில் ஒரே நிகழ்ச்சியைப் பார்க்க முடியுமா என்ற தொழில்நுட்பச் சோதனைதான் அது. இப்போது பதினைந்து கோடிக்கும் மேற்பட்டவர்கள் பார்க்கிறார்கள்.

அரசாங்கம்தானே பாடகரை அனுப்புது? அப்போ அரசியல் வராம எப்படி?

பாதிக் குழப்பம் இங்கேதான் தொடங்குகிறது. அரசாங்கம் அனுப்புவதில்லை. போட்டியை நடத்துவது ஜெனீவாவில் இருக்கும் ஐரோப்பிய ஒளிபரப்பு ஒன்றியம். கீழே வெறுமனே "ஒன்றியம்" என்று வரும் இடமெல்லாம் இதுதான். அதன் உறுப்பினர்கள் பொது ஒளிபரப்பு நிறுவனங்கள்: பிரிட்டனுக்கு பிபிசி, ஸ்பெயினுக்கு ஆர்டிவிஇ, அயர்லாந்துக்கு ஆர்டிஇ, இஸ்ரேலுக்குக் கான். நம் ஊர்க் கணக்கில், தூர்தர்ஷன் ஒருவரைத் தேர்ந்தெடுத்து அனுப்புவது போல.

சிக்கலான கேள்வி வரும்போதெல்லாம் ஒன்றியம் இந்த வாசலுக்குள்தான் போய் நிற்கும். "நாடுகள் போட்டியிடவில்லை, ஒளிபரப்பு நிறுவனங்கள் போட்டியிடுகின்றன" என்பார்கள். காகிதத்தில் அது சரி. ஆனால் மேடையில் பறப்பது நாட்டுக் கொடி, திரையில் வருவது நாட்டின் பெயர், ஓட்டுப் போடுகிறவர் மனதில் இருப்பதும் நாடுதான். இந்த இரட்டை வேடத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் நிறைய வரும்.

இஸ்ரேல் ஐரோப்பாவுலயே இல்லையே, எப்படி உள்ளே வந்தது?

ஒன்றியத்தின் எல்லை உலக வரைபடத்தில் இருக்கும் ஐரோப்பா இல்லை. "ஐரோப்பிய ஒளிபரப்புப் பகுதி" என்று ஒரு பழைய தொலைத்தொடர்புக் கோடு இருக்கிறது. வட ஆப்பிரிக்காவும் மத்தியதரைக் கடலின் கிழக்குக் கரையும் அதற்குள் வரும். அந்த வழியில் இஸ்ரேல் 1973இல் நுழைந்தது, இதுவரை நான்கு முறை ஜெயித்திருக்கிறது. ஆஸ்திரேலியா கதை வேறு. அது 2015இல் விருந்தாளியாக வந்தது, பிறகு போகவே இல்லை.

அதே கோட்டுக்குள் அரபு நாடுகளும் இருக்கின்றன. மொராக்கோ ஒரே ஒரு முறை, 1980இல், பாடியது. அந்த ஆண்டு போட்டித் தேதி இஸ்ரேலின் நினைவு நாளோடு மோதியதால் இஸ்ரேல் வரவில்லை. அந்த இடைவெளியில்தான் மொராக்கோ வந்தது. 19 பேரில் 18வது இடம், மொத்தம் 7 புள்ளி, அந்த ஏழும் இத்தாலி கொடுத்தவை. அதற்குப் பிறகு அவர்கள் திரும்பவில்லை. லெபனான் 2005இல் பாட்டு, பாடகி எல்லாம் தயார் செய்துவிட்டுக் கடைசியில் விலகியது. இஸ்ரேலியப் பாட்டையும் சேர்த்து முழு நிகழ்ச்சியையும் ஒளிபரப்ப வேண்டும் என்பது விதி, லெபனான் சட்டம் அதற்கு இடம் தராது. அபராதமும் மூன்றாண்டுத் தடையும் கிடைத்தன.

எனக்குப் பிடித்தது ஜோர்டான் கதை. 1978இல் ஜோர்டான் தொலைக்காட்சி போட்டியை நேரலையாகக் காட்டிக்கொண்டிருந்தது. இஸ்ரேல் ஜெயிக்கப் போகிறது என்று புள்ளிப் பலகையில் தெரிந்ததும் நிகழ்ச்சியை வெட்டிவிட்டுப் பூக்கள் படத்தைப் போட்டார்கள். பிறகு செய்தியில் பெல்ஜியம் ஜெயித்துவிட்டதாகச் சொன்னார்கள். பெல்ஜியம் உண்மையில் இரண்டாம் இடம். அதாவது பொய்யைக்கூடப் புள்ளிப் பலகையைப் பார்த்துத்தான் சொல்லியிருக்கிறார்கள்.

பக்கத்து நாட்டுக்காரன் பக்கத்து நாட்டுக்கே ஓட்டுப் போடுவானாமே?

உண்டு. கிரீஸும் சைப்ரஸும் ஒன்றுக்கொன்று அதிகபட்சமான 12 புள்ளியைக் கொடுத்துக்கொள்ளும்போது அரங்கமே சிரிக்கும். ஆனால் அதை மட்டும் வைத்து யாரும் ஜெயித்துவிட முடியாது. பாதிப் புள்ளி ஒவ்வொரு நாட்டின் இசைத்துறை நடுவர் குழு தருவது, மீதிப் பாதி மக்கள் ஓட்டு. சொந்த நாட்டுக்கு ஓட்டுப் போட முடியாது. 2016 முதல் இரண்டு கணக்கையும் தனித்தனியாக அறிவிப்பதால், நடுவர்களும் மக்களும் எங்கே பிரிகிறார்கள் என்பது பளிச்சென்று தெரிகிறது. இப்போதைய சண்டையில் பாதி அந்தப் பிரிவைப் பற்றியதுதான்.

அரசியல் பாட்டுக்கு அனுமதி இல்லைன்னு விதி இருக்காமே? அப்புறம் எப்படி இத்தனை அரசியல் பாட்டு?

விதி இருக்கிறது. பாட்டு வரி, பேச்சு, சைகை எதிலும் அரசியல் கூடாது. எது அரசியல் என்பதுதான் எழுதப்படவில்லை. அதை ஒவ்வொரு முறையும் ஒரு குழு உட்கார்ந்து முடிவு செய்கிறது.

2009 போட்டி மாஸ்கோவில். அதற்கு முந்தைய ஆகஸ்டில்தான் ரஷ்யாவுக்கும் ஜார்ஜியாவுக்கும் போர் நடந்திருந்தது. ஜார்ஜியா அனுப்பிய டிஸ்கோ பாட்டின் தலைப்பு "வீ டோன்ட் வான்னா புட் இன்". கடைசி இரண்டு சொல்லையும் சேர்த்துச் சொல்லிப் பாருங்கள், ரஷ்யத் தலைவர் பெயர் வரும். வரியை மாற்றுங்கள் என்றது ஒன்றியம். மாட்டோம் என்று ஜார்ஜியா விலகிவிட்டது. 2015இல் ஆர்மீனியா "மறுக்காதே" என்ற பொருளில் ஒரு தலைப்பு வைத்தது. துருக்கி மறுத்துவரும் 1915 ஆர்மீனிய இனப்படுகொலையின் நூற்றாண்டு அது. சலசலப்பு எழுந்ததும் தலைப்பை மட்டும் மாற்றிவிட்டு அதே பாட்டைப் பாடினார்கள்.

அடுத்த ஆண்டு உக்ரைனின் ஜமாலா "1944" என்ற பாட்டோடு வந்தார். அந்த ஆண்டு ஸ்டாலின் ஆட்சி கிரிமியத் தாத்தார் இன மக்கள் சுமார் இரண்டு லட்சம் பேரை ரயிலில் ஏற்றி மத்திய ஆசியாவுக்கு நாடு கடத்தியது. ஜமாலாவின் கொள்ளுப்பாட்டியும் அதில் ஒருவர். ரஷ்யா கிரிமியாவைப் பிடித்து இரண்டே ஆண்டு ஆகியிருந்த நேரம் அது. இது அரசியல் இல்லை, வரலாறு என்று ஒன்றியம் அனுமதித்தது. நடுவர்கள் ஆஸ்திரேலியாவை முதலில் வைத்தார்கள், மக்கள் ரஷ்யாவை முதலில் வைத்தார்கள், இரண்டிலும் இரண்டாவதாக வந்த ஜமாலா கூட்டுக் கணக்கில் ஜெயித்தார். 2024இல் இஸ்ரேல் முதலில் அனுப்பிய "அக்டோபர் ரெயின்" நிராகரிக்கப்பட்டது. அது 2023 அக்டோபர் 7 அன்று ஹமாஸ் நடத்திய தாக்குதலைக் குறிப்பது என்று கருதினார்கள். வரிகளை மாற்றி, "ஹரிகேன்" என்று பெயரிட்டு, அதே மெட்டில் ஈடன் கோலன் பாடினார்.

என் கணக்கில் ஜார்ஜியாவின் பாட்டு கிண்டல், ஜமாலாவுடையது துக்கம். துக்கத்துக்குக் கதவு திறக்கும், கிண்டலுக்குத் திறக்காது என்று ஒரு காலத்தில் நினைத்திருந்தேன். "அக்டோபர் ரெயின்" வந்த பிறகு அந்தக் கணக்கும் உதவவில்லை, ஏனென்றால் அதுவும் துக்கப் பாட்டுதான். எழுபதாண்டுப் பழைய துக்கம் வரலாறாகிவிடுகிறது, ஐந்து மாதத் துக்கம் அரசியலாகவே நிற்கிறது. இப்போதைக்கு என்னால் கண்டுபிடிக்க முடிந்த ஒரே அளவுகோல் அதுதான்.

முதன்முதல்ல புறக்கணிச்சது யாரு?

1964இல் கோபன்ஹேகனில், இரண்டு பாட்டுக்கு நடுவே ஒருவர் மேடையேறி "ஃபிராங்கோவையும் சலசாரையும் புறக்கணியுங்கள்" என்ற பதாகையைப் பிடித்தார். ஸ்பெயின், போர்ச்சுகல் சர்வாதிகாரிகள் அவர்கள். 1969இல் ஃபிராங்கோ ஆட்சியின் கீழிருந்த மாட்ரிட்டில் போட்டி நடந்தபோது ஆஸ்திரியா யாரையும் அனுப்பவில்லை. அந்த ஆண்டு நான்கு நாடுகள் சமப் புள்ளியில் சேர்ந்து ஜெயித்த கூத்தைப் பார்த்துக் கடுப்பாகி, 1970இல் ஸ்வீடன், நார்வே, பின்லாந்து, போர்ச்சுகல் ஆகியவை வரவில்லை. அது அரசியல் இல்லை, வெறும் கோபம்.

நேரடியாக ஒரு போருக்காக விலகியது என்றால் கிரீஸ். 1974இல் துருக்கிப் படை சைப்ரஸில் இறங்கியது. 1975இல் துருக்கி முதன்முறையாகப் போட்டிக்கு வந்தது, கிரீஸ் வெளியே போனது. 1976இல் கிரீஸ் திரும்பி வந்து சைப்ரஸின் அழிவைப் பற்றியே ஒரு ஒப்பாரி போலப் பாடியது, துருக்கி வெளியே போனது. பாடகரை அனுப்பாவிட்டாலும் துருக்கி நிகழ்ச்சியை ஒளிபரப்பியது. கிரேக்கப் பாட்டு வந்த மூன்று நிமிடமும் அதை வெட்டிவிட்டுத் தங்கள் தேசபக்திப் பாட்டு ஒன்றைப் போட்டார்கள். ஜோர்டானின் பூக்களுக்கு இரண்டு ஆண்டு மூத்த உத்தி.

யூரோவிஷன் பாட்டு ஒண்ணால ஆட்சியே கவிழ்ந்ததாமே? ரீல் விடறாங்களா?

பாட்டு கவிழ்க்கவில்லை, ஆனால் கதை உண்மை. 1974 ஏப்ரல் 6, பிரிட்டனின் பிரைட்டன் நகரம். ஆபா குழு ஜெயித்த இரவு என்றுதான் எல்லோருக்கும் தெரியும். அதே இரவில் போர்ச்சுகலின் பாவ்லோ டி கார்வாலியோ பாடிய "இ டெபோயிஷ் டூ அடேயுஷ்" 3 புள்ளியோடு கடைசி இடத்தைப் பகிர்ந்துகொண்டது. பிரிந்துபோன காதலைப் பற்றிய சாதாரணப் பாட்டு. அதில் ஒரு சொல்கூட அரசியல் இல்லை.

அதனால்தான் அது தேர்ந்தெடுக்கப்பட்டது. சர்வாதிகாரத்தை வீழ்த்தத் திட்டமிட்டிருந்த ராணுவ அதிகாரிகளுக்கு, எல்லாப் படை முகாமுக்கும் ஒரே நேரத்தில் எட்டும், யாரும் சந்தேகப்படாத ஒரு சைகை தேவைப்பட்டது. ஏப்ரல் 24 இரவு 10.55க்கு லிஸ்பன் வானொலியில் இந்தப் பாட்டு ஒலித்தது. தயாராகுங்கள் என்று அர்த்தம். நள்ளிரவுக்குப் பிறகு இன்னொரு வானொலியில் தடைசெய்யப்பட்ட பாடகரின் பாட்டு வந்தது. கிளம்புங்கள் என்று அர்த்தம். மறுநாள் மாலைக்குள் 48 ஆண்டு ஆட்சி முடிந்தது. துப்பாக்கி முனையில் கார்னேஷன் பூ செருகிய சிப்பாய்களின் படத்தைப் பார்த்திருப்பீர்கள்.

அதே 1974 போட்டியில் இத்தாலி இரண்டாம் இடம் பெற்றது, இத்தாலிக்காரர்கள் அதை அன்று பார்க்கவே இல்லை. பாட்டின் பெயர் "சி", அதாவது "ஆமாம்". விவாகரத்துச் சட்டத்தை நீக்கலாமா என்ற பொது வாக்கெடுப்பு அடுத்த மாதம் இருந்தது. பாட்டு முழுக்க ஆமாம் ஆமாம் என்று பாடினால் வாக்காளர் மனது மாறிவிடும் என்று பயந்து, அரசுத் தொலைக்காட்சி நிகழ்ச்சியை நிறுத்திவைத்தது. கடைசியில் "இல்லை" என்ற தரப்புதான் ஜெயித்தது.

ஓட்டுப் போட்டதுக்குப் போலீஸ் கூப்பிட்டாங்கன்னு சொல்றது எந்த நாட்டில்?

அஜர்பைஜானில், 2009இல். ஆர்மீனியாவோடு நகோர்னோ-கராபாக் நிலத்துக்காகப் பல ஆண்டுகளாகப் பகை. அந்த ஆண்டு அஜர்பைஜானிலிருந்து 43 பேர் ஆர்மீனியப் பாட்டுக்கு ஓட்டுப் போட்டிருந்தார்கள். தொலைபேசி நிறுவனத்திடம் எண் இருக்குமே. அவர்களில் ஒருவரைத் தேசியப் பாதுகாப்பு அமைச்சகம் கூப்பிட்டு விசாரித்தது, ஏன் போட்டாய் என்று எழுதித் தரச் சொன்னது. எங்கள் நாட்டுப் பாட்டைவிட அதுதான் அஜர்பைஜான் பாட்டு மாதிரி இருந்தது என்று அவர் பதில் சொன்னதாகச் செய்தி வந்தது. அதன் பிறகுதான் ஓட்டுப் போட்டவரின் விவரம் வெளியே கசிந்தால் ஒளிபரப்பு நிறுவனமே பொறுப்பு என்று ஒன்றியம் விதியைத் திருத்தியது.

2012இல் அஜர்பைஜான் தலைநகர் பாகுவில் போட்டி நடந்தபோது ஆர்மீனியா போகவில்லை. 2016இல் ஆர்மீனியப் பாடகி அரையிறுதி ஓட்டு அறிவிப்பின்போது கராபாக் கொடியைத் தூக்கினார், நிறுவனத்துக்குக் கண்டனம் வந்தது.

மேடையில் கொடி காட்டினா என்ன பண்ணுவாங்க?

யார் காட்டுகிறார்கள் என்பதைப் பொறுத்தது, சொல்ல வருத்தமாகத்தான் இருக்கிறது. 2019 டெல் அவிவ் இறுதியில் ஐஸ்லாந்தின் ஹதாரி குழு, மக்கள் ஓட்டு அறிவிக்கும் நேரத்தில் கேமரா தங்கள் பக்கம் திரும்பும் என்று காத்திருந்து, பாலஸ்தீனக் கொடி போட்ட துணிகளை விரித்தது. சில நொடிதான். அவர்கள் நிறுவனத்துக்கு 5,000 யூரோ அபராதம். அதே இரவில் மடோனாவின் நடனக் கலைஞர்கள் இருவர் முதுகில் இஸ்ரேல், பாலஸ்தீனக் கொடிகளோடு நடந்தார்கள். மடோனா போட்டியாளர் இல்லையே, கண்டித்ததோடு சரி.

2022இல் உக்ரைனின் கலுஷ் குழு பாடி முடித்த கையோடு, ரஷ்யப் படை முற்றுகையிட்டிருந்த மரியுபோல் நகரத்துக்கு உதவுங்கள் என்று மைக்கில் கேட்டது. அது அரசியல் இல்லை, மனிதாபிமானம் என்று விட்டுவிட்டார்கள். 2024இல் அயர்லாந்தின் பாம்பி தக், பழைய அயர்லாந்து எழுத்துருவில் "போர்நிறுத்தம்" என்று உடம்பில் எழுதியிருந்தார். ஒத்திகையிலேயே அதை மாற்றச் சொல்லிவிட்டார்கள். மரியுபோலுக்கு உதவி கேட்பது மனிதாபிமானம், போர்நிறுத்தம் கேட்பது அரசியல் என்பதை எப்படி விளக்குவது என்று எனக்குத் தெரியவில்லை.

2017ல ரஷ்யாவை உக்ரைன் தடை பண்ணிச்சா, இல்ல ரஷ்யா புறக்கணிச்சதா?

இரண்டும். ஜமாலா ஜெயித்ததால் போட்டி கீவுக்கு வந்தது. ரஷ்யா யூலியா சமோய்லோவாவை அறிவித்தது. சக்கர நாற்காலியில் இருக்கும் பாடகி. 2015இல் அவர் கிரிமியாவில் பாடியிருந்தார், உக்ரைன் வழியாக அல்லாமல் அங்கே போவது உக்ரைன் சட்டப்படி குற்றம். மூன்று ஆண்டு நுழைவுத் தடை போட்டார்கள். செயற்கைக்கோள் வழியாக மாஸ்கோவிலிருந்து பாடட்டும் அல்லது ஆளை மாற்றுங்கள் என்று ஒன்றியம் சொன்னது. இரண்டையும் மறுத்து ரஷ்யா விலகியது, ஒளிபரப்பவும் இல்லை. தடை வரும் என்று தெரிந்தே அவரை அனுப்பினார்கள் என்பது என் எண்ணம். மறு ஆண்டு லிஸ்பனில் அவரே பாடினார், இறுதிக்குப் போகவில்லை.

ரஷ்யாவை ஒரே நாள்ல தூக்கினாங்க. இஸ்ரேலை ஏன் தூக்கலை?

அதிகம் வந்த கேள்வி இதுதான். நடந்ததை முதலில் சொல்கிறேன். 2022 பிப்ரவரி 24 அன்று ரஷ்யப் படை உக்ரைனுக்குள் நுழைந்தது. அன்றைக்கு ஒன்றியம், இது அரசியல் சாராத நிகழ்ச்சி, ரஷ்யா பாடலாம் என்றுதான் சொன்னது. மறுநாளே மாற்றிக்கொண்டது. இடையில் நடந்தது என்ன என்றால், ரஷ்யா வந்தால் நாங்கள் வரமாட்டோம் என்று பின்லாந்து, எஸ்டோனியா போன்ற நாடுகளின் நிறுவனங்கள் வரிசையாகச் சொல்லிவிட்டன. ரஷ்யா இருந்தால் போட்டிக்கே கெட்ட பெயர் என்று அறிவித்தார்கள்.

இஸ்ரேல் விஷயத்தில் ஒன்றியம் மேலே சொன்ன வாசலுக்குள் போய் நிற்கிறது. ரஷ்ய நிறுவனங்கள் அரசின் ஊதுகுழல், கான் நிறுவனம் சுயாட்சி உள்ளது, அதை மூடவோ விற்கவோ இஸ்ரேல் அரசே முயல்கிறது என்பது அவர்கள் வாதம். அதில் உண்மை இருக்கிறது. காஸாவில் பல்லாயிரக்கணக்கானோர் செத்துக்கொண்டிருக்கும்போது நிறுவனத்தின் சுயாட்சியைப் பற்றிப் பேசுவதா என்பது எதிர்வாதம். அதிலும் உண்மை இருக்கிறது.

எனக்குப் பட்டதைச் சொல்கிறேன். 2022இல் உறுப்பினர்கள் கிட்டத்தட்ட ஒரே பக்கம் நின்றார்கள், அதனால் முடிவு சுலபமாக இருந்தது. இப்போது இரண்டாகப் பிளந்து நிற்கிறார்கள். இஸ்ரேலை நீக்கினால் ஜெர்மனி பங்கேற்கக் கூடாது என்று அந்நாட்டுப் பிரதமர் மெர்ட்ஸ் வெளிப்படையாகச் சொன்னார். வைத்துக்கொண்டால் ஸ்பெயின் போகும். கொள்கையை விடத் தலை எண்ணிக்கைதான் இரண்டு முறையும் வேலை செய்திருக்கிறது.

2025ல மக்கள் ஓட்டுல இஸ்ரேல்தான் முதல். மோசடியா?

மோசடி என்று யாரும் நிரூபிக்கவில்லை. பாசல் நகரில் நடந்த அந்தப் போட்டியில், அக்டோபர் 7 அன்று நடந்த நோவா இசைவிழாத் தாக்குதலில் உயிர் தப்பிய யுவால் ரஃபேல் பாடினார். மக்கள் ஓட்டில் 297 புள்ளி, நடுவர் கணக்கில் 60 மட்டும். மொத்தத்தில் இரண்டாம் இடம். ஆஸ்திரியாவின் ஜேஜே 436 புள்ளியோடு ஜெயித்தார். 2024இலும் இதே ஏற்ற இறக்கம்தான்: மக்கள் 323, நடுவர்கள் 52.

கேள்வி எழுந்தது இரண்டு காரணத்தால். ஒன்று, ஒருவர் இருபது முறை ஓட்டுப் போடலாம். இருபத்தாறு பாட்டில் எது பிடிக்கும் என்று யோசிப்பவர் ஓட்டைப் பிரித்துப் போடுவார். ஒரே நோக்கத்தோடு வருபவர் இருபதையும் ஒரே இடத்தில் போடுவார். கூட்டம் சிறிதாக இருந்தாலும் அது பெரிதாகத் தெரியும். இரண்டு, இஸ்ரேல் அரசின் விளம்பரப் பிரிவு பல மொழிகளில் இணைய விளம்பரம் கொடுத்து ஓட்டுக் கேட்டது. அன்றைய விதியில் அதற்குத் தடை இல்லை. அரசு போட்டியிடவில்லை என்ற வாதத்தை அந்த விளம்பரம்தான் பொத்தலாக்கியது.

அதன் பிறகு ஓட்டு வரம்பைப் பத்தாகக் குறைத்தார்கள், அரையிறுதியில் நடுவர்களைத் திரும்பக் கொண்டுவந்தார்கள், அரசுகள் நடத்தும் பிரசாரம் கூடாது என்றார்கள்.

2026ல யார் யார் விலகினாங்க?

ஸ்பெயின், அயர்லாந்து, நெதர்லாந்து, ஸ்லோவேனியா, அப்புறம் ஐஸ்லாந்து. 2025 டிசம்பர் 4 அன்று ஜெனீவாவில் ஒன்றியத்தின் பொதுக்குழு கூடியது. இஸ்ரேல் இருக்கலாமா என்று நேரடி ஓட்டெடுப்பே நடக்கவில்லை. புதிய விதிகள் போதுமா என்று மட்டும் கேட்டார்கள். 738 ஓட்டு ஆதரவு, 264 எதிர்ப்பு, 120 நடுநிலை. போதும் என்றால் இஸ்ரேல் பற்றித் தனி ஓட்டு தேவையில்லை என்று ஏற்பாடு. எந்த ஊர் சங்கத் தேர்தலைப் பார்த்தவருக்கும் இந்த உத்தி புதிதாக இருக்காது. முடிவு வந்த சில மணி நேரத்தில் நான்கு நாடுகள் கிளம்பின, ஆறு நாள் கழித்து ஐஸ்லாந்து.

பல்கேரியா, ருமேனியா, மால்டோவா திரும்பி வந்ததால் வியன்னாவின் 70வது போட்டிக்குப் பட்டியல் 35இல் நின்றது. 2003க்குப் பிறகு இதுவே குறைவு.

விலகினா யாருக்கு நஷ்டம்? இஸ்ரேலுக்கு ஒண்ணும் ஆகலையே?

உடனடி நஷ்டம் விலகிய நாட்டின் பாடகர்களுக்குத்தான். ஐஸ்லாந்தில் ஒரு புதுக் குழுவுக்கு இதைவிடப் பெரிய மேடை கிடையாது. ஒன்றியத்துக்கும் அடி உண்டு. அதிகப் பணம் கட்டுவதால் நேராக இறுதிக்குப் போகும் ஐந்து நாடுகளில் ஸ்பெயின் ஒன்று. அயர்லாந்து ஏழு முறை ஜெயித்த நாடு, ஸ்வீடனோடு சேர்ந்து அதுதான் சாதனை. இவர்கள் இல்லாத பட்டியல் வெறிச்சென்றுதான் இருக்கிறது.

விளம்பரதாரர் பற்றியும் கேட்கிறார்கள். 2020 முதல் முதன்மை விளம்பரதாரராக இருந்த மொராக்கன்ஆயில், பெயரில் மொராக்கோ இருந்தாலும் இஸ்ரேலியக் கூந்தல் தைல நிறுவனம். போராட்டக்காரர்கள் அதையும் சேர்த்தே எதிர்த்தார்கள்.

விலகாம உள்ளே இருந்துக்கிட்டே எதிர்க்க முடியாதா?

முயன்றிருக்கிறார்கள். 2024 அரையிறுதியில் பெல்ஜியத்தின் ஃப்ளெமிஷ் தொலைக்காட்சி ஊழியர் சங்கம், ஒளிபரப்பை இடைமறித்துக் கறுப்புத் திரையில் இஸ்ரேலுக்கு எதிரான கண்டன வாசகம் போட்டது. 2025 இறுதிக்குச் சற்று முன் ஸ்பெயினும் அதையே செய்தது: மனித உரிமை விஷயத்தில் மௌனம் கூடாது, பாலஸ்தீனத்துக்கு அமைதியும் நீதியும் வேண்டும் என்று வெள்ளை எழுத்து. அரையிறுதியில் வர்ணனையாளர்கள் காஸா பலி எண்ணிக்கையைச் சொன்னதற்கு அபராத எச்சரிக்கை ஏற்கெனவே வந்திருந்தது, அதை மீறித்தான் போட்டார்கள்.

போட்டி நேரத்தில் ஒரு பாட்டையே வெட்டினால் நிலைமை வேறு. 2018இல் சீனாவின் மாங்கோ டிவி, அயர்லாந்துப் பாட்டில் இரண்டு ஆண்கள் சேர்ந்து ஆடியதை வெட்டியது. அடுத்த அரையிறுதிக்கு முன்பே ஒப்பந்தம் ரத்து.

2024ல நெதர்லாந்துப் பாடகரை நீக்கினது பாலஸ்தீன ஆதரவுக்காகத்தானே?

இல்லை. யூஸ்ட் கிளைன் நீக்கப்பட்டது படப்பிடிப்புக் குழுவைச் சேர்ந்த ஒரு பெண்ணோடு நடந்த தகராறுக்காக. பிறகு ஸ்வீடன் அரசு வழக்கறிஞர்கள் வழக்கைக் கைவிட்டார்கள். அந்த வாரச் சூட்டில் எல்லாம் ஒன்றாகக் கலந்துவிட்டது.

துருக்கியும் ஹங்கேரியும்கூட இதுக்காகத்தான் வெளியே இருக்காங்களா?

வேறு காரணம். துருக்கி 2012க்குப் பிறகு வரவில்லை. முதலில் நடுவர் முறையையும் ஐந்து பணக்கார நாட்டுச் சலுகையையும் குறை சொன்னார்கள். பிறகு தாடியும் பாவாடையுமாக வந்து 2014இல் ஜெயித்த ஆஸ்திரியாவின் கொன்சீட்டா வூர்ஸ்டைக் காட்டி, இதைக் குழந்தைகளுக்கு எப்படிக் காட்டுவது என்றார்கள். ஹங்கேரி 2019க்குப் பிறகு சத்தமில்லாமல் நின்றுவிட்டது.

ரஷ்யா தனியா ஒரு போட்டி நடத்திச்சாமே, இந்தியாவும் பாடிச்சாமே?

ஆமாம். பனிப்போர்க் காலத்தில் சோவியத் பக்க நாடுகளுக்கு இன்டர்விஷன் என்று ஒன்று இருந்தது. அதைத் தூசி தட்டி 2025 செப்டம்பர் 20 அன்று மாஸ்கோவில் நடத்தினார்கள். இந்தியா சார்பில் ரௌஹான் மாலிக் பாடினார். நம் ஊரில் அது நடந்ததே பலருக்குத் தெரியாது. வியட்நாமின் டுக் ஃபுக் ஜெயித்தார். ரஷ்யப் பாடகர் ஷமான், விருந்து வைத்த வீட்டுக்காரர் பரிசு வாங்குவது மரியாதை இல்லை, எனக்கு மதிப்பெண் போடாதீர்கள் என்று மேடையிலேயே சொல்லிவிட்டார். அமெரிக்கா சார்பில் பாட இருந்த ஆஸ்திரேலியப் பாடகி கடைசி நேரத்தில் வரவில்லை, ஆஸ்திரேலிய அரசின் அழுத்தம் என்றார்கள் ஏற்பாட்டாளர்கள். அரசியல் இல்லாத போட்டி என்று அவர்களும்தான் சொல்லிக்கொண்டார்கள்.

நீமோ கோப்பையைத் திருப்பிக் குடுத்தாரே, 2024 வெற்றி ரத்தாகுமா?

ஆகாது. 2024இல் சுவிட்சர்லாந்துக்காக 591 புள்ளியோடு ஜெயித்த நீமோ, 2025 டிசம்பர் பொதுக்குழு முடிவுக்கு ஒரு வாரம் கழித்து, இஸ்ரேலை வைத்துக்கொண்டதைக் கண்டித்துக் கோப்பையை ஜெனீவாவுக்கே திருப்பி அனுப்புவதாக அறிவித்தார். 1994இல் அயர்லாந்துக்காக ஜெயித்த இருவரில் ஒருவரான சார்லி மெக்கெட்டிகனும் அதே முடிவைச் சொன்னார். பதிவேட்டில் பெயர் அப்படியே இருக்கும். நம் எழுத்தாளர்கள் அகாதெமி விருதைத் திருப்பிக் கொடுத்த மாதிரிதான், பொருள் போகும், பட்டம் போகாது.

நாம இந்தியாவுல இருந்து ஓட்டுப் போடலாமா?

2023 முதல் போடலாம். பங்கேற்காத நாடுகள் எல்லாம் சேர்ந்து "மீதி உலகம்" என்று ஒரே நாடாகக் கணக்கு. இணையதளத்தில் கார்டு கொடுத்துப் பணம் கட்ட வேண்டும். நம் வங்கி அட்டைகள் வெளிநாட்டுப் பரிவர்த்தனை வசதி திறந்திருந்தால்தான் வேலை செய்யும், இரவு மூன்று மணிக்கு அதைக் கண்டுபிடித்துத் திண்டாடியவன் சொல்கிறேன். 2024, 2025 இரண்டு ஆண்டும் மீதி உலகத்தின் 12 புள்ளி இஸ்ரேலுக்குத்தான் போனது. நான் போட்டது இரண்டு தடவையும் வேறு பாட்டுக்கு, அதுவும் ஒரே ஒரு ஓட்டு.